சாரலுக்கு மட்டும் ஒழுகும் சாய்ப்பு

எங்கள் வீட்டுக் கண்ணாடிச் சாய்ப்பு ஐப்பசி அடைமழைக்கு ஒழுகாது. ஆனிச் சாரலுக்கு ஒழுகும். கேட்டவர்கள் சிரித்தார்கள். முதல் வருடம் நானே நம்பவில்லை. தெருவில் கணுக்கால் முங்கத் தண்ணீர் ஓடிய கார்த்திகை ராத்திரியில்கூட உள்ளே ஒரு சொட்டு கிடையாது. ஜூன் பிறந்து, ஆரியங்காவுப் பக்கமிருந்து காற்று கிளம்பி, சட்டை நனைகிறதா இல்லையா என்றே தெரியாத பூந்தூறல் போட்டால் போதும், அம்மாவின் ஆந்தூரியம் தொட்டிகளுக்கு நடுவே டப், டப் என்று ஆரம்பித்துவிடும்.

செங்கோட்டைக்காரர்களுக்குச் சாரலைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே மலை கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. 1904-ல் கொல்லம் ரயில் அந்த வழியாகத்தான் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்கு முன்பிருந்தே அந்த வழியாக வந்துகொண்டிருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்ததன் மிச்சம் காற்றோடு கலந்து, படுக்கைவாட்டில் வந்து மேற்குச் சுவரில் அறையும். வீடு தாத்தா காலத்தது. 1956-ல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேருவதற்கு முன்பே, திருவிதாங்கூர்ச் சீமை வழக்கப்படி ஓடு போட்டு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தாத்தா மேற்கே ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. பேரன் அங்கேதான் கொண்டுபோய்க் கண்ணாடி அறை கட்டினேன்.

அறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேற்குச் சுவரை ஒட்டி 14 அடி நீளம், 10 அடி அகலம். மூன்று பக்கமும் இடுப்புயரச் சுவர், அதன் மேல் அலுமினியச் சட்டத்தில் நகர்த்துகிற கண்ணாடி ஜன்னல்கள். கூரைக்கு 10 மி.மீ. பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட். உள்ளே குழல் குழலாக ஓடுமே, அந்த வகை. மகள் அதைக் கன்சர்வேட்டரி என்கிறாள். அம்மாவுக்கு அது கண்ணாடிச் சாய்ப்பு. எதிர்வீட்டுப் பெரியப்பா மட்டும், “என்னடே, கோழிக்கூண்டுக்குக் கண்ணாடி போட்டிருக்கே?” என்று கேட்டார். இறக்கியது 2019-ல். இறக்கித் தந்தவரிடம் ஒழுகலைச் சொன்னபோது வந்து பார்த்தார். “சாரல் அடிச்சா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்” என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். அதோடு அவர் கதை முடிந்தது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்ததிலேயே மலிவான சிலிக்கான் நாலு டியூப் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு, வெளியே எங்கெல்லாம் இடுக்குத் தெரிந்ததோ அங்கெல்லாம் பிதுக்கினேன். பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான், பெயின்ட் மேல் சிலிக்கான், தூசி மேல் சிலிக்கான். ஜன்னல் சட்டத்தின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. “இதோ, ஒழுகலுக்கு வாசல் வைத்திருக்கிறான்” என்று அதையும் விடாமல் அடைத்தேன். அறை முழுக்க வினிகர் வாடை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்த சாரலில் முன்னைவிட மூன்று மடங்கு தண்ணீர். கூரையிலிருந்து மட்டுமில்லை, ஜன்னல் திண்டிலிருந்தும் வழிந்து, உள்சுவரில் இறங்கி, தரையில் குட்டை கட்டியது.

அந்த வாரம் பக்கத்துத் தெருவுக்குப் புனலூரிலிருந்து அலுமினிய வேலைக்கு ஒருவர் வந்திருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். ஜன்னல் ட்ராக்கை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சாரே, இந்த ஹோலை அடைச்சா வெள்ளம் எங்ஙன போகும்?” மலைக்கு அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். என் ட்ராக்கில் அன்றைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நகர்த்துகிற ஜன்னலுக்குள் தண்ணீரே வராமல் செய்ய முடியாது. கண்ணாடியில் அடிக்கிற சாரல் வழிந்து கீழ் ட்ராக்கில் விழத்தான் செய்யும். விழுந்ததை வெளியே தள்ளத்தான் அந்த ஓட்டைகள். அவற்றை அடைத்தால் ட்ராக் தொட்டியாகிவிடும். உள்விளிம்பு எவ்வளவு உயரமோ அதுவரை நிறைந்து, அப்புறம் வீட்டுக்குள் வழியும். என் ட்ராக்கின் உள்விளிம்பு 25 மி.மீ. சிலிக்கானை பிளேடால் நோண்டி எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான் அடைப்பதற்கு முன்பே பன்னிரண்டு ஓட்டையில் ஏழு அடைந்துதான் கிடந்திருக்கின்றன. குளவி மண் கொண்டுவந்து பூசி, ஒவ்வொன்றுக்குள்ளும் கூடு கட்டியிருந்தது. பழைய சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து ஒவ்வொன்றாக இழுத்தேன். சிவப்பு மண்ணும், காய்ந்த சிலந்திக் கால்களும் வந்தன. ஓட்டைகளை 5 மி.மீ.யிலிருந்து 8 ஆக்கி, உள்ளே ஈரத்துணி போட்டுத் துடைத்து, ஒரு செம்புத் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றிப் பார்த்தேன். முன்பு பத்து நிமிடம் தேங்கி நின்றது, இப்போது எட்டு எண்ணுவதற்குள் வெளியே ஓடிவிட்டது. ஓட்டைக்கு வெளிப்புறம் குளவி நுழையாமல் சின்னத் துண்டு நைலான் கொசுவலை. திண்டு ஒழுகல் அதோடு சரி.

கூரை ஒழுகல் அப்படியே இருந்தது.

புளியரையிலிருந்து வருகிற வயசான கொத்தனார் ஒருவர் எங்கள் வீட்டு ஓடு மாற்ற வருவார். அவரிடம் புலம்பினேன். “அண்ணாச்சி, சொட்டு விழுற எடத்துல ஓட்டையத் தேடாதீங்க. தண்ணி உள்ள வந்த எடம் ஒண்ணு, நடந்த தூரம் ஒண்ணு, விழுந்த எடம் ஒண்ணு” என்றார். அலுமினியக் குழாயின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஆறேழு அடி நடந்துபோய், எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ முனையைக் கண்டதும் அங்கே விழும். நான் இதுவரை அந்த ஸ்க்ரூவுக்குத்தான் சிலிக்கான் பூசிக்கொண்டிருந்தேன்.

சரி, இனி முறையாகத் தேடலாம் என்று முடிவு செய்தேன். சாரல் இல்லாத ஒரு சனிக்கிழமை. தொட்டிகளை வெளியே எடுத்தாயிற்று. அறைக்குப் போகிற மின் இணைப்பைப் பெட்டியிலேயே அணைத்தாயிற்று. தண்ணீரும் அலுமினிய ஏணியும் லைட் வயரும் சேர்கிற இடத்தில் துணிச்சல் காட்டக் கூடாது. அப்புறம் கோலப்பொடி. உள்ளே ஓடுகிற குறுக்குக் குழாய்களின் மேல்முதுகிலும் ஜன்னல் திண்டிலும் தரையிலும் மெல்லிசாகக் கோலப்பொடி தூவினேன். அரிசிமாவு வேண்டாம், எறும்பு வந்து நமக்கு முன்னால் வேலையை முடித்துவிடும், கல்மாவுதான் சரி. ஒரு துளி விழுந்தாலும் அதில் குழி விழும். தண்ணீர் ஓடினால் பாம்பு போன தடம் மாதிரி கோடு தெரியும். கறுப்பு அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, மூக்குக்கண்ணாடி போடாமலே பார்க்கலாம்.

மகன் வெளியே தோட்டக் குழாயோடு. நான் உள்ளே டார்ச்சோடு. குழாய் முனையில் அழுத்தம் வைக்காமல், சும்மா வழியவிடச் சொன்னேன். கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இணைப்பின் மேலும் ஒரே நேரத்தில் ஓடும். எது குற்றவாளி என்று தெரியாது. ஆகவே முதலில் ஜன்னல் அடிச்சட்டம், பத்து நிமிடம். அப்புறம் ஜன்னல் தலைச்சட்டம், பத்து நிமிடம். அப்புறம் ஷீட்டின் கீழ்விளிம்பு. ஒவ்வொரு ஷீட்டும் சேருகிற அலுமினியப் பட்டை. பிறகு ஸ்க்ரூ வரிசை. கடைசியாகச் சுவர் சேருகிற இடம். பையனுக்கு இரண்டாவது கட்டத்திலேயே பொறுமை போய்விட்டது. “அப்பா, மொத்தமா அடிச்சிரட்டா?” என்று மூன்று தடவை கேட்டான். இந்த வேலைக்கு நாற்பது வயசுக்கு மேற்பட்ட ஆள்தான் லாயக்கு.

ஸ்க்ரூ வரிசையில் பலன் கிடைத்தது. நடுக்குழாயின் மேல் இருந்த பொடியில் மூன்று இடத்தில் கோடு. வெளியே போய்ப் பார்த்தால், ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட்டில் நட்சத்திரம் போல மயிரிழை வெடிப்பு. வாஷர் ரப்பர் வெயிலில் காய்ந்து, நகத்தால் தொட்டாலே உதிர்ந்தது.

வெடிப்பு ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலிகார்பனேட் வெயிலுக்கு நன்றாகவே நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.065 மி.மீ. என் ஷீட் 3 மீட்டர். மத்தியானச் சூட்டுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் ஷீட்டின் மேல் 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். பெருக்கினால் ஆறு மி.மீ. அருகில் வரும். அதாவது ஷீட் தினமும் அரை அங்குலத்தில் பாதி நீண்டு சுருங்குகிறது. ஸ்க்ரூவோ அதே அளவு துளையில், கழுத்தை நெரித்து முறுக்கப்பட்டிருந்தது. ஷீட் நகரப் பார்க்கிறது, ஸ்க்ரூ விடமாட்டேன் என்கிறது. கடைசியில் துளையைச் சுற்றி வெடித்துவிட்டது. துளை ஸ்க்ரூவைவிட நாலைந்து மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், அதை மூடுகிற அளவுக்கு அகலமான, இபிடிஎம் என்கிற வெயில் தாங்கும் ரப்பர் வாஷர் வேண்டும், ரப்பர் லேசாகப் பிதுங்கினதும் முறுக்குவதை நிறுத்த வேண்டும். கறுப்பு பிவிசி வாஷரை வாங்காதீர்கள். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், வெயிலில் சுருங்கிக் கல்லாகிவிடும்.

மோசமாக வெடித்திருந்த ஒரு ஷீட்டை மாற்றினேன். மற்றவற்றில் துளையை விரித்து வாஷர் மாற்றினேன். ஷீட் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. குறுக்குக் குழாய்களின் மேல் படும்படி பலகை போட்டு அதன் மேல் முட்டி போட்டுத்தான் வேலை. புது ஷீட்டில் வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒட்டியிருக்கிற தாளில் எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். அவிழ்த்த பழைய ஷீட் ஒன்று தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. அதுதான் மஞ்சளடித்துப் போயிருந்தது.

சுவர் சேருகிற இடத்தில் மகன் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டான். உள்ளே ஒரு குழிகூட விழவில்லை. கோலப்பொடி வைத்தது வைத்தபடி இருந்தது. முடிந்தது வேலை என்று தொட்டிகளை உள்ளே அடுக்கிவிட்டோம். மூன்றாம் நாள் சாரல் பிடித்தது. டப், டப்.

இங்கேதான் எனக்கு வெறி பிடித்தது என்று சொல்ல வேண்டும். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஏணியை ஜன்னல் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டி, சாரல் அடிக்கும்போதே மேலே ஏறினேன். மனைவி கீழே நின்று, “ஏங்க, விழுந்து வச்சிராதீங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் புதுக் கூரையே போட்டுரலாம்” என்றாள். சுவரும் ஷீட்டும் சேருகிற இடத்தில், சாய்ப்பு இறக்கியவர் அலுமினிய முகம் போட்ட தார் டேப்பை ஒட்டியிருந்தார். அதன் கீழ்விளிம்பில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழும் என்று பார்த்தால் விழவில்லை. காற்று ஒரு வீசு வீசும்போது துளி தட்டையாகி, ஷீட்டின் மேல் ஊர்ந்து, மேலே போனது. வாட்டத்துக்கு எதிராக. டேப்பின் அடிக்குள் போய் மறைந்தது. பின்னாலேயே அடுத்த துளி. எறும்பு வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. மகன் விட்ட தண்ணீர் மேலிருந்து கீழே ஓடியது. அதனால்தான் அவனுக்கு அகப்படவில்லை.

காற்றால் தண்ணீரை எவ்வளவு தூக்க முடியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 45 கி.மீ. வேகக் காற்று சுவரில் மோதினால், அந்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தப் போதும். என் கூரையின் வாட்டத்தை மட்டக்குழாயால் அளந்தேன்: 10 அடிக்கு 7 அங்குலம், மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இந்த ஷீட்டுக்குக் குறைந்தது 5 டிகிரி சொல்கிறார்கள், அதற்குப் பத்தரை அங்குலம் வேண்டும். இவ்வளவு தட்டையான கூரையில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது, படுக்கைவாட்டில் ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. டேப் ஷீட்டின் மேல் மூடியிருந்ததோ இரண்டே அங்குலம்.

இன்னொரு விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. நான் ஏணியில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. துளிகளின் ஊர்வலம் உடனே மந்தமானது. உள்ளே அம்மா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டிருந்தாள். சாரல் வந்தால் ஜன்னல்களை இறுக்கமாக மூடுவாள். மூடினால் ஈர வாடை அடிக்கிறதே என்று ஃபேனைப் போடுவாள். மூடிய அறையிலிருந்து காற்றை வெளியே இழுத்தால், அதற்குப் பதில் காற்று ஏதாவது இடுக்கு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். அந்த இடுக்கில் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து உறிஞ்சும். கரண்ட் வந்த பிறகு எண்ணிப் பார்த்தேன்: ஃபேன் ஓடும்போது நிமிடத்துக்கு 22 சொட்டு. ஃபேனை அணைத்து, காற்று படாத கிழக்கோரத் திறப்பைக் கொஞ்சம் திறந்தால் 7. ஒரு பைசா செலவில்லாமல் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அம்மா மட்டும், “நான்தான் ஒழுக வச்சேன்னு சொல்லுதியாக்கும்” என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் அந்த 7 சொட்டில் ஒரு பங்கு வேறு மாதிரி நடந்துகொண்டது. சாரல் நின்று பத்து நிமிடத்தில் பெரும்பாலான சொட்டுகள் நின்றுவிட்டன. ஒரு ஓரத்தில் மட்டும் மூன்று மணி நேரம் விழுந்துகொண்டிருந்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுவேதான். அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கோ தேங்கி நின்று, நிதானமாக வருகிறது. கூரையில் தேங்க இடமில்லை. மிச்சம் இருப்பது சுவர்.

ஓட்டு இறவாணத்துக்கும் சாய்ப்புக்கும் நடுவே மூன்றடிச் சுவர் வெளியே தெரிகிறது. செங்குத்தாகக் கொட்டுகிற ஐப்பசி மழை அதைத் தொடாது, இறவாணம் குடை பிடிக்கும். அதிலும் அந்த மழை வருவது கிழக்கேயிருந்து, வீடே மறைத்துக்கொள்ளும். சாரலோ நேராக அந்த மூன்றடியில்தான் அறைகிறது. சாய்ப்பு இறக்கியபோது அங்கே பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி, ஒரு முழ அகலத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் கெட்டி. இரண்டும் சேருகிற கோட்டில் 14 அடிக்கும் வெடிப்பு, சில இடத்தில் எட்டணா நாணயம் செருகலாம். கொத்தனார் கரண்டிப் பிடியால் தட்டினார். பொத் பொத் என்று கேட்டது. பூச்சு சுவரை விட்டுப் பிரிந்து, நடுவில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. டேப்பை இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது, பின்னால் வெள்ளைப் படலத்தோடு. டேப் தன் பிடியை விடவில்லை. பெயின்ட்தான் சுவரை விட்டிருந்தது. சாரலை வாங்கிய சுவர் மேலே குடித்து, டேப்புக்குப் பின்னால் இறங்கி, நேராக அம்மாவின் தொட்டிகளுக்குப் போயிருக்கிறது. வெளியிலிருந்து கூரையில் எவ்வளவு சிலிக்கான் பூசியிருந்தாலும் அந்தச் சொட்டு நிற்காது.

ஆனியில் இதைச் சரிசெய்ய முடியாது. ஈரச் சுவரில் எதுவும் பிடிக்காது. சுவர் மேலிருந்து ஷீட் மேல் வரை தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஓரத்தில் செங்கல் வைத்து, ஆவணி முடியும்வரை காத்திருந்தேன். சாரலும் ஓய்ந்து, அடைமழையும் தொடங்காத புரட்டாசியில்தான் எங்களுக்கு வெளிவேலைக்கு நேரம்.

கொத்தனாரும் நானும் நாலு நாள். சிமென்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். ஷீட் மட்டத்திலிருந்து ஆறு அங்குலம் மேலே, 14 அடி நீளத்துக்கு, கிரைண்டரால் ஒரு அங்குல ஆழக் காடி வெட்டினோம். தூசி கண்ணை மறைத்தது. வெட்டுகிற கோட்டில் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தால் கொஞ்சம் அடங்கும், ஆனால் கிரைண்டர் மேல் படாமல் தெளிக்கத் தெரிய வேண்டும். ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டைப் பட்டறையில் மடித்து வாங்கினேன். மேல்விளிம்பு காடிக்குள் ஒரு அங்குலம் நுழையும், அங்கே சின்னதாக ஒரு மேல்மடிப்பு. பிறகு சுவரோடு ஆறு அங்குலம் இறங்கி, ஷீட்டின் மேல் பத்து அங்குலம் படுக்கும். நுனியில் கீழ்நோக்கி ஒரு மடிப்பு. அந்த ஒரு சாண் கணக்கை மனசில் வைத்துத்தான் பத்து அங்குலம் கேட்டேன். பட்டறைக்காரர், “எதுக்கு இவ்வளவு? நாலு போதுமே” என்றார். அவருக்குச் சாரல் இல்லாத ஊர்.

தகடு மூன்று துண்டு. ஒன்றின் மேல் ஒன்று நாலு அங்குலம் ஏறும். காற்று வருகிற பக்கம் வாய் திறக்காதபடி பார்த்து அடுக்கினோம். தகட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே, மேல்முனையை ஒட்டி, நீளவாக்கில் ஒரு ஸ்பாஞ்ச் பட்டை. ஷீட்டின் மேல்முனைக் குழல்கள் திறந்தே கிடந்தன. உள்ளே பாசி பிடித்துப் பச்சைக் கோடு ஓடியிருந்தது. அந்த முனையை அலுமினிய டேப்பால் மூடினேன். கீழ்முனைக்கு, காற்றும் ஈரமும் வெளியே போகிற துளை டேப். இரண்டையும் இறுக்க மூடினால் உள்ளே வேர்த்துப் பாசி பிடிக்கும்.

சுவருக்குச் சிமென்ட் வேண்டாம் என்பதில் கொத்தனார் பிடிவாதமாக இருந்தார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. பழைய பூச்சின் ஓரத்தைச் சரிவாகச் செதுக்கி, நன்றாக நனைத்து, இரண்டு கையாகப் பூசினார். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஓதம் காக்கும்.

சிலிக்கானுக்கு இந்தத் தடவை மரியாதை கொடுத்தேன். வினிகர் வாடை வருகிற வகை சிமென்ட், சுண்ணாம்பு, உலோகம் மூன்றுக்கும் ஆகாது; நியூட்ரல் என்று எழுதியிருக்கிற வகை விலை கூடுதல், ஆனால் அதுதான் சரி, பாலிகார்பனேட்டுக்கும் அதுவே. பழைய சிலிக்கானை ஒரு பொட்டுக்கூட விடாமல் சுரண்டினேன், ஏனென்றால் அதன் மேல் புதுசு ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, நடுவே ஒரே இழுப்பில் விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்து, காய்வதற்குள் டேப்பை உரித்தேன். ஆறு மி.மீ. கனத்துக்கு விட்டால் 280 மி.லி. டியூப் ஏழரை மீட்டர் சொச்சம் வரும். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. முன்பு நாலு டியூப் பிதுக்கியது நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான் காயும், ஆகவே மூன்று நாள் தொடவில்லை.

ஓட்டுத் தண்ணீரை வாங்கும் பாத்தியில் மாவிலை அடைத்து வழிந்துகொண்டிருந்ததையும் அந்தச் சாக்கில் எடுத்தாயிற்று. தகடு, வாஷர், ஷீட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 11,600 ரூபாய். கூரையின் வாட்டத்தை மட்டும் நான் தொடவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் சாய்ப்பையே அவிழ்க்க வேண்டும்.

மார்கழியில் ஒரு பயம் காட்டியது. விடியற்காலை ஷீட்டுக்கு அடியில் முழுக்கத் துளி, தலையில் சொட்டுகிறது, வானத்தில் நட்சத்திரம். நாலு நாள் வேலையும் வீண் என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு உற்றுப் பார்த்தால் துளிகள் எல்லா ஷீட்டிலும் ஒரே சீராக இருந்தன. ஒழுகல் அப்படி வராது, அது ஒரு கோடாகத்தான் வரும். முப்பது தொட்டிச் செடிகள் ராத்திரி முழுக்க விடுகிற ஈரம் குளிர்ந்த ஷீட்டில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றி, கிழக்கோரத் திறப்பை இரவில் நாலு விரல் திறந்துவைத்தோம். நின்றது.

இந்த ஆனியில் காற்று கிளம்பிய அன்றே கோலப்பொடி தூவிவிட்டுப் படுத்தேன். இரண்டு வாரச் சாரலில் குழாய்களின் மேல் ஒரு கோடு இல்லை. தென்மேற்கு மூலையில், ஜன்னல் சட்டமும் கூரைச் சட்டமும் சேருகிற இடத்தில் மட்டும் பெருங்காற்றுக்கு ஒரு சொட்டு விழுகிறது, அரை மணிக்கு ஒன்று. புரட்டாசியில் பார்க்க வேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் அம்மா அந்த வட்டத்துக்கு மேலேயே வெற்றிலைக் கொடித் தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறாள். “அது கெடக்கட்டும்ப்பா, நான் தண்ணி ஊத்த மறந்தாலும் அது ஊத்தும்” என்கிறாள்.